வெயிலில் மட்டும் நின்ற வண்டி

வண்டிக்காரன் வாயைத் திறந்தால் பாதி பொய், மீதி மறதி. மெக்கானிக்கின் சித்தாந்தம் இது. பட்டறை வாசலில் எழுதி மாட்டவில்லையே தவிர, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது என்று ஒருவர் சொன்னால், முந்தாநாளே கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வார். நான் எதையும் தொடவில்லை என்றால், எதையோ நோண்டியிருக்கிறான் என்று ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அங்கேயே போவார். பெரும்பாலும் அவர் நினைத்தது சரியாகவும் இருக்கும். கேடு வந்ததே அதனால்தான். சந்தேகப்படுகிறவனுக்கு அடிக்கடி சரியாக வாய்த்துவிட்டால், தவறிப்போகிற நேரத்தில் அவனைத் திருத்த ஆண்டவனே இறங்கி வந்தாலும் முடியாது. ஆண்டவன் எதற்கு வந்தான் என்று கேட்பான்.

தெருவில் அவருக்குப் பெயர் பிராணி. முழுப்பெயர் சந்தேகப் பிராணி; சொல்லிச் சொல்லித் தேய்ந்து பாதியாகிவிட்டது. முகத்துக்கு நேரே 'அண்ணே' என்பார்கள், தலை மறைந்ததும் 'பிராணி கடையில விட்டிருக்கேன்' என்பார்கள். அவருக்கும் தெரியும். இந்தப் பெயரை வைத்தது யார் என்று ரொம்ப காலம் துப்புத் துலக்கினார். பேட்டரிக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார், ரேடியேட்டர் ஒட்டுகிறவரைச் சந்தேகப்பட்டார், கடைசியில் சொந்த மச்சினனையே சந்தேகப்பட்டு ஒரு கல்யாண வீட்டில் பேசாமல் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டில் இருந்து ஒரு தட்டில் ஏதாவது வந்தால் போதும், இவர்களுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டும் என்று யோசித்த பிறகுதான் மூடியைத் திறப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவர் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார், பூட்டே ஏமாந்த நேரத்தில்.

பட்டறை நீளமான தகரக் கொட்டகை. பின்னால் இரண்டு பெரிய மரங்கள் கூரை மேல் கவிழ்ந்திருப்பதால் உள்ளே எப்போதும் நிழலும் குளிர்ச்சியும். வருகிற வண்டியை நேராகத் தொட மாட்டார். நிழலில் நிறுத்தி, இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தால் சுடாத பதம் வந்த பிறகுதான் பானெட்டுக்குள் தலையை விடுவார். சின்ன வயதில் கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, வலது முழங்கை வரை வெந்து போனவர் அவர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அந்தப் பூனை மெக்கானிக்காகவும் ஆனால் இப்படித்தான் தொழில் செய்யும்.

அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கையில் கிடக்கிறவர்கள், படி இறங்க முடியாதவர்கள் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து, குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, கெட்டுப்போவதற்குள் கூடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்காக ஒரு பழைய சின்ன கார் இருந்தது. அதன் ஒவ்வொரு மறையாணியும் மெக்கானிக் முடுக்கியதுதான். வேறு யார் கையும் அதில் பட்டதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. பெருமை என்று அவர் சொல்லிக்கொள்வார். காவல் என்பதுதான் பொருத்தம்.

வெயில் காலம் தொடங்கியதும் அவள் சொன்னாள், மத்தியானத்தில் வண்டி நின்றுவிடுகிறது என்று. சிக்னலில் நிறுத்தினால் குலுங்கி அணைந்து போகிறதாம். சாவியைத் திருப்பினால் பிடிக்கிறதாம், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மறுபடி அணைகிறதாம். எங்காவது நிழலில் ஓரங்கட்டி ஆறப்போட்டால்தான் நகர்கிறதாம். மறுநாள் காலையில் மெக்கானிக் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போய், வழக்கம்போல் ஆறவைத்து, பழுது சொல்லும் ஸ்கேனரை மாட்டினார். 'லீன்' என்றது ஸ்கேனர். இஞ்சினுக்குள் போகிற காற்றுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு கணக்கு உண்டு. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் இஞ்சின் அரைப்பட்டினி கிடக்கும், உதறும், மூச்சு நின்றுபோகும். அதைத்தான் லீனாக ஓடுகிறது என்பார்கள்.

மெக்கானிக் ஸ்கேனரையும் நம்புகிறவர் இல்லை. இருந்தாலும் மனைவிக்காக வேலையைச் செய்தார். பெட்ரோல் பம்பின் அழுத்தத்தைப் பார்த்தார், ஃபில்டரை மாற்றினார், காற்றை அளக்கும் சென்சாரைக் கழுவினார். ஆறிய இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ரப்பர் குழாய்களைச் சுற்றி ஸ்ப்ரே அடித்துப் பார்த்தார். எங்காவது ஓட்டை இருந்தால் அந்த ஸ்ப்ரே உள்ளே இழுக்கப்பட்டு இஞ்சினின் சத்தம் மாறும். மாறவில்லை. தொட்டில் குழந்தைபோல் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "வண்டியில ஒண்ணும் இல்லை" என்று சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதே வாரம் மறுபடி நின்றது. மறுபடி காலையில் பார்த்தார், மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை அவள் சொன்னபோது அவர் வண்டியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் போட்ட கணக்கு அவரளவில் சுத்தமானது. வண்டியில் பழுது இல்லை. ஆகையால் வண்டி நிற்கவில்லை. ஆகையால் அவள் வண்டியால் தாமதமாகவில்லை. ஆகையால் மத்தியானத்தில் அவள் எங்கே இருந்தாள்? தன் கை தவறியிருக்கலாம் என்ற இடத்தில் மட்டும் அந்தக் கணக்கு ஒருபோதும் நின்று திரும்பிப் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. இவ்வளவு நேரம் எங்கே நின்றாய் என்று கேட்டார். மூடிக்கிடக்கிற மில்லின் மதில் ஓரமாக, நிழலில் என்றாள். மறுநாள் வேலையை விட்டுவிட்டு அந்த மதிலைப் போய்ப் பார்த்தார். நிழல் இருக்கத்தான் செய்தது. பொய் சொல்கிறவர்கள் முதலில் நிழல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாக உட்கார்ந்து அழுதாள். ஒரு பெரியவர், எலும்பும் தோலுமாகப் படுக்கையில் கிடப்பவர். அவருடைய ரத்தம் வழியிலேயே கெட்டுப்போனதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அதுவும் கெட்டு, இன்று மூன்றாவது தடவை. நரம்பு அகப்படவில்லை. குத்தக் குத்த அந்த மனிதர் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். இவ்வளவையும் அவள் சொல்லி முடிக்கும்வரை மெக்கானிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"அந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

அவள் அழுகை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு தரம் பார்த்தாள், எழுந்து போய் ஐஸ் பெட்டியைக் கழுவினாள். அதோடு வண்டியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

பேச்சு நின்றதில் நிம்மதிப்பட வேண்டியவர்தானே. மெக்கானிக்கோ காதைத் தீட்டிக்கொண்டார். இஞ்சினில் தானாக வந்த சத்தம் தானாகப் போகாது. போனால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெயிலோ நாளுக்கு நாள் ஏறியது. அவளோ சரியான நேரத்துக்கு வீடு திரும்பினாள். ஐஸ் பெட்டியில் ஐஸ் கட்டியாகவே இருந்தது. இத்தனை நாள் வர முடியாதவளுக்கு இப்போது மட்டும் எப்படி முடிகிறது? தாமதமாக வந்தபோது ஒரு சந்தேகம் என்றால், நேரத்துக்கு வந்தபோது இரண்டு.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து பானெட்டைத் தூக்கினார். கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி கண் நேராக இஞ்சினின் பின்பக்கம் போயிற்று. அங்கே, கைக்கு எளிதில் எட்டாத இடுக்கில், ஒரு ரப்பர் குழாய் புத்தம் புதிதாக இருந்தது. அதைப் பிடித்திருந்த கிளிப்பும் புதியது. ஊரில் மற்றக் கணவர்கள் கைப்பையில் சீட்டைக் கண்டுபிடிப்பார்கள், சீப்பில் அடுத்தவர் முடியைக் கண்டுபிடிப்பார்கள். இவருக்குக் கிடைத்தது ஒரு கிளிப்பு. வேறு ஒருவன் கை பட்டிருக்கிறது. அப்படியே பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிளிப்பின் மறையைத் திருப்பிப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூடிரைவரை விட்டார். எட்டவில்லை. மறையின் தலை எதிர்ப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. உடம்பை வளைத்துப் பார்த்தார், தலைகீழாகச் சாய்ந்து பார்த்தார். வலது கையால் அதைத் தொடவே முடியாது. இடது கைக்காரன் ஒருவன்தான் அப்படி முடுக்குவான். இந்த ஊரில் இடது கையால் ஸ்பேனர் பிடிக்கிற மெக்கானிக் ஒரே ஒருத்தன். அவனுக்குப் பெயரே நொட்டாங்கை.

இந்த நொட்டாங்கை யாரோ எவனோ இல்லை. இதே தகரக் கொட்டகையை மெக்கானிக்கோடு சேர்ந்து போட்ட கூட்டாளி. ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமுமாக ஒரே இஞ்சினுக்குள் கைவிட்டு வேலை செய்தவர்கள். கை கையில் இடித்ததில்லை. கூட்டாளி தனிக் கடை போடத் திட்டமிட்டு வாடிக்கைக்காரர்களை ரகசியமாகக் கரைக்கிறான் என்று மெக்கானிக்குக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. அவனுக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. இவர் நச்சரித்த நச்சரிப்பில் வெளியேறி, வேறு வழி இல்லாமல் பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு கடை போட்டான். பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று அன்றைக்குத் தெரு முழுக்கச் சொன்னார் மெக்கானிக். அந்தக் கடைக்கு அப்பன் அவருடைய சந்தேகம்தான் என்பது இன்றுவரை அவருக்கு உறைக்கவில்லை.

அவன்தானா? அவனோடுதானா? குளித்துவிட்டு வந்தவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். அவள் அவனை அண்ணன் என்று கூப்பிடுவது வழக்கம். அண்ணன் என்று கூப்பிட்டால் அண்ணனாகிவிடுவானா என்று அன்று முழுக்க மனசுக்குள் அரைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் உச்சி வெயிலில், கையும் களவுமாகப் பிடிக்கிற நோக்கத்தில் டிப்போ பக்கம் கிளம்பினார்.

கூட்டாளியின் இடத்துக்குக் கூரை கிடையாது. பாதி இடத்தில் தார்ப்பாய், மீதி வெட்டவெளி. நடு வெயிலில் ஒரு வண்டி பானெட் மூடியபடி ஓடிக்கொண்டு நின்றது. கூட்டாளி ஒரு டயர் மேல் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"என் வீட்டு வண்டியில உன் கை எதுக்குடா?" என்றார் மெக்கானிக்.

"உன் கை எட்டலை, அதான்."

சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. கூட்டாளி அசையாமல் விஷயத்தைச் சொன்னான். அவள் அவனைத் தேடி வரவில்லை. வண்டி டிப்போ முன்னால் நின்றுபோய், குப்பிகள் கெடாமல் இருக்க ஐஸ் கிடைக்குமா என்று கடை கடையாகக் கேட்டு வந்திருக்கிறாள். டீக்கடையில் ஐஸ் வாங்கிக் கொடுத்து, ஒரு ஆட்டோவில் பெட்டியோடு அவளை அனுப்பிவிட்டு, வண்டியைப் பார்த்திருக்கிறான்.

"எப்ப நிக்குதும்மான்னு கேட்டேன். வெயில்லன்னு சொன்னா. அதனால வெயில்லயே வெச்சுப் பாத்தேன். நீ ஆறவெச்சுப் பாத்திருப்பே."

"நான் எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் இல்லை."

"ஆறினா ஒண்ணும் இருக்காது."

பழைய குழாயைக் காட்டு என்றார் மெக்கானிக். நீ கேட்பாய் என்று தெரியும் என்றான் கூட்டாளி. தார்ப்பாய்க் கம்பத்தில் ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தான். மெக்கானிக் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல குழாய், ஒரு கீறல் கூட இல்லை. என் வண்டிக் குழாய்தான் இது என்று என்ன நிச்சயம் என்று கேட்க வாயெடுத்தவர், ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைக் கண்டார். தான் மாட்டிய பாகத்தை எவனாவது மாற்றிவிடுவான் என்று பயந்து ஒவ்வொன்றிலும் அவரே வைக்கிற பெயிண்ட் புள்ளி. அவர் கை மாட்டிய குழாய்தான்.

கூட்டாளி அதை வாங்கி, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பானெட் மேல் வைத்தான். ரப்பர் சூடேறி இளகியது. ஆறியிருந்தபோது இவர் கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில், வளைவில், ஒரு கோடு தெரிந்தது. கூட்டாளி லேசாக வளைத்ததும் அந்தக் கோடு வாய் திறந்தது. மெக்கானிக் தன் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் போயிற்று. வெயிலில் இந்த வாய் திறந்து கணக்கில்லாத காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. நிழலில் ஆறியதும் மூடிக்கொண்டிருக்கிறது. அவர் பட்டறையில் அது திறக்க வழியே இல்லை.

"இதை ஏண்டா எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லணும்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன். பாவம், தங்கச்சிக்கு எதுக்கு இன்னொரு விசாரணை?"

மெக்கானிக்குக்கு அது சரியாகக் காதில் ஏறவில்லை. அவர் மனசு அப்போதே பறந்துகொண்டிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. மதிலும் நிஜம், நிழலும் நிஜம், பெரியவரும் நிஜம். குழாயைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு, கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல்கூட வீட்டுக்கு ஓடினார். வழியெல்லாம் சந்தோஷம். வழக்கில் இருந்து விடுதலையானது அவள்தான் என்றாலும், தீர்ப்புச் சொல்லப்போவது தான் அல்லவா என்ற சந்தோஷம்.

அவள் அடுக்களையில் தொட்டியில் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் குழாயை எடுத்து வைத்தார்.

"நீ சொன்னது நெஜம்தான். வண்டி நின்னுதான் இருக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவள் முகம் மலரும், ஒருவேளை கொஞ்சம் அழுவாள், சாயங்காலம் எங்காவது வெளியே போகலாம் என்றெல்லாம் நினைத்திருந்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு குழாயை எடுத்துப் பார்த்தாள்.

"நான் சொன்னப்ப நம்பலை. இது சொன்னதும் நம்பிட்டீங்க."

"அப்படி இல்லைம்மா, பழுது கண்ணுக்குத் தெரியணும் இல்லையா..."

"இதுல ஓட்டை இல்லாம இருந்திருந்தா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் இன்னொரு தரம் கேட்டாள். "ஓட்டை இல்லாம இருந்து, வண்டி எதுக்கு நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாமலே போயிருந்தா, நான் என்ன ஆகியிருப்பேன்?"

மெக்கானிக் அவள் கையிலிருந்து குழாயை வாங்கித் திரும்பச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். கோபித்துக்கொண்டு அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் போய் அழைத்து வரலாம், காலில் விழலாம். அவள் போகவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததைச் சொல்வது மட்டும் நின்றுபோயிற்று. இன்று யார் வீட்டுக்குப் போனேன், எந்தக் குழந்தை ஊசியைப் பார்த்து ஓடியது, எந்தக் கிழவி ரத்தத்தைத் திருப்பிக் கொடு என்று சண்டை பிடித்தாள் என்று சாயங்காலங்களில் அவள் கொட்டிக்கொண்டே இருப்பாள். அதில் எது பொய் என்று தேடுவதிலேயே அவர் காலம் போய்விட்டது. இப்போது அந்த நேரத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டிய சமயம் வந்தபோது, பட்டறை வாசல் வழியாகவே, நல்ல பகலில், டிப்போ பக்கம் ஓட்டிப் போனாள். பேட்டரிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, உங்க வீட்டு வண்டி அந்தப் பக்கம் போகுது" என்றார். "ஆமா, போகுது" என்றார் மெக்கானிக். அன்று முழுக்க யார் சொன்னதையும் அவர் மறுக்கவில்லை. நான் எதையும் தொடவில்லை என்று ஒருவர் சொன்னதற்குக்கூட, சரி என்றார். அந்த வாடிக்கைக்காரர் பயந்துபோய்த் தன் வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார்.

இனி அவளை ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவு செய்தார். சந்தேகத்தை ஒரேயடியாக விட முடியாவிட்டாலும் வாயையாவது மூடலாம் அல்லவா. எங்கே, ஏன், யாரோடு என்ற மூன்றையும் நாக்குக்குக் கீழே வைத்துப் பூட்டினார். பூட்டை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் பட்டறைக்குப் போன் வந்தது. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கு வரக் கொஞ்சம் நேரமாகும் என்றாள். "சரிம்மா, பாத்து வா" என்றார்.

அவள் போனை வைக்கவில்லை.

"ஏன்னு கேக்கலையே?"

"எதுக்கு கேக்கணும்? நேரமாகும்னு நீ சொல்றியே."

அவள் சின்னக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள்.

"என்னை ஆளு வெச்சு வேவு பாக்கறீங்களா?"

"இல்லை" என்றார் மெக்கானிக். உண்மையைத்தான் சொன்னார். அவள் நம்பவில்லை.